அரிவாள் நின்ற இடம்

ஜான் கீட்ஸின் ‘இலையுதிர்காலத்திற்கு’ கவிதையை வகுப்பில் எடுத்தால், முதல் பத்தி முடிவதற்குள் ஒரு மாணவர் கேட்டுவிடுவார்: “இது அவரோட சாவைப் பத்தினதுதானே சார்?” கைடு புத்தகம் கற்றுத்தந்த கேள்வி. 25 வயதில் ரோமில் காசநோயால் இறந்தவர் என்று தெரிந்துவிட்டால் போதும், பிறகு எந்த வரியிலும் சவப்பெட்டிதான் தெரிகிறது.

கவிதை பிறந்தது 1819 செப்டம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. வின்செஸ்டரில் இட்சென் ஆற்றங்கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்து எழுதியது. அவர் ரத்தம் கக்கியது 1820 பிப்ரவரியில். தன் சாவை அறிந்து எழுதினார் என்பது பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்தது. அதற்காகச் சாவை அறியாதவர் என்றும் சொல்லிவிட முடியாது. மருத்துவமனையில் பயின்று உரிமம் வாங்கியவர். தம்பி டாம் இதே நோயில் 1818 டிசம்பரில் இறக்கும்வரை பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர்.

அப்படிப்பட்டவரின் இலையுதிர்காலத்தில் ஓர் இலைகூட உதிரவில்லை. முதல் பத்தி முழுவதும் ஒரே வாக்கியம், அதுவும் முற்றுவினையில்லாத வாக்கியம். ஆப்பிள் கனிகிறது, சுரை பருக்கிறது, கொட்டைக்குள் பருப்பு முற்றுகிறது. வாக்கியம் மட்டும் முடிந்தபாடில்லை.

இரண்டாம் பத்தியில்தான் நான் வகுப்பை நிறுத்திவைப்பேன். அங்கே பருவமே ஆளாகி வயலுக்கு வந்திருக்கிறது. பாதி அறுத்த சாலில், கசகசாப் பூவின் வாசனையில் கிறங்கித் தூங்கிப்போகிறது. கையிலிருந்த அரிவாள் அடுத்த கதிர்வரிசையையும் அதில் பின்னிக் கிடக்கும் பூக்களையும் தொடாமல் நிற்கிறது. அறுவடை நின்றுபோகாது. தூக்கம் கலையும், அரிவாள் எழும், பூக்களும் சேர்ந்தே விழும். கீட்ஸுக்கு அது தெரியும். ஆனாலும் அவர் எழுப்பவில்லை. சற்றுத் தள்ளி, ஆப்பிள் பிழியும் ஆலையருகே, கடைசிச் சொட்டு வடியும்வரை அதே பருவம் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறது. முடிவு தெரிந்தால் பதற வேண்டும் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். முடிவு உறுதியாகத் தெரிந்தவருக்கே இவ்வளவு நிதானம் வாய்க்கும் என்பது இந்தப் பதினொரு வரிகளில்தான் எனக்குப் புரிந்தது. கனி முற்றுவதும் காம்பு தளர்வதும் ஒரே வேலை என்று கண்டவர், அதில் ஒன்றை மட்டும் வெறுக்க மாட்டார்.

கவிதை பிறந்த அதே ஆண்டு ஆகஸ்டில் மான்செஸ்டரில் கூட்டத்தின்மேல் குதிரைப்படை பாய்ந்தது, பீட்டர்லூ என்கிறார்கள். அந்த ரத்தம் இங்கே எங்கே என்று கேட்ட விமர்சகர்கள் உண்டு. கேட்க வேண்டியதுதான். ஆனால் தலைச்சுமையோடு ஓடையைக் கடக்கும், உதிர்ந்த கதிர் பொறுக்கும் ஏழையாகவும் பருவத்தை அவர் நிறுத்தியிருக்கிறார். அறுத்த வயலில் கதிர் பொறுக்குவது யாருக்கும் சட்ட உரிமையல்ல என்று 1788இல் நீதிமன்றம் தீர்ப்பளித்த நாட்டில்! இதைத் தப்பியோடல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் பத்தியில் பொழுது சாகிறது. அந்தச் சொல்லை அவர் மறைக்கவில்லை. சாகும் பொழுதின் மேகங்கள் அரிதாள் வயலுக்கு ரோஜா நிறம் பூசிவிட்டுப் போகின்றன. இரண்டு நாள் கழித்து நண்பர் ரெனால்ட்ஸுக்குக் கடிதம் எழுதுகிறார். வசந்தத்தின் குளிர்ந்த பச்சையைவிட அரிதாள் வயல் பிடித்திருக்கிறதாம். ஏனோ பார்க்கக் கதகதப்பாக இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை நடையில் அது மனத்தில் தைத்துவிட்டதாம், அதனால் எழுதினாராம். அவர் சொன்ன காரணம் அவ்வளவுதான்.