பார்க்காமல் வைத்த கையெழுத்து

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்தைக்கு அம்மாவோடு போகும் நாட்களில், மண்சட்டி வாங்குவதென்றால் அரைமணி நேரம் போய்விடும். அம்மா சட்டியை இடக்கையில் ஏந்தி, வலக்கை விரல்மொழியால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். கணீரென்றால் எடுப்பார். மந்தமாக ஒலித்தால் ஒன்றும் பேசாமல் திருப்பி வைத்துவிடுவார். வெடிப்புக் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். உடைத்துப் பார்த்தாலும் உண்மை தெரியும்தான். ஆனால் பிறகு கறி வைக்கச் சட்டி இராது.

நாம் வாழும் நோர்வே நாட்டில் இதையே பெரிய தொழிலாகச் செய்கிறார்கள். எண்ணெய்க் குழாய், கொதிகலன், பாலம், விமான இயந்திரம் ஆகியவற்றைச் சிதைக்காமல் உள்ளே குறை இருக்கிறதா எனச் சோதிக்கும் தொழில் இது. எக்ஸ்றே, கழியொலி, காந்தத் தூள், சாயத் திரவம் என முறைகள் பல. பரீட்சை எழுதித் தேறிய பரிசோதகர்களே கையெழுத்திடலாம். எம்மவரும் சிலர் இத்துறையில் இருக்கிறார்கள். பட்டப்படிப்பை இங்கு ஒருவரும் பொருட்படுத்தாத காலத்தில், நாமும் இப்படியான கம்பனியொன்றின் கணக்குப் பகுதியில் சில வருடங்கள் வேலை செய்தோம். கம்பனியின் பெயர் இங்கு வேண்டாம்.

சாயத் திரவச் சோதனையைச் சற்று விளக்கினால்தான் பின்னால் வரும் கதை விளங்கும். வெல்டிங் செய்த பொருத்தை நன்றாகத் துடைத்துச் சிவப்புத் திரவத்தைப் பூசுவார்கள். அது மயிரிழை வெடிப்புக்குள்ளும் இறங்கும். இறங்குவதற்கு நேரம் கொடுக்க வேண்டும்: 5 நிமிடம் முதல் 60 நிமிடம் வரை. பிறகு மேலே உள்ளதைத் துடைத்தெடுத்து, வெள்ளைப் பொடித் திரவத்தை விசிறுவார்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே ஒளிந்திருந்த சிவப்பு, வெள்ளையில் கோடாகக் கசியும். அதற்கும் 10 நிமிடத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். ஆக, இந்தத் தொழிலில் பாதி வேலை காத்திருப்பதுதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சும்மா நிற்பதுபோலத் தெரியும். அவசரக்காரனுக்கு முதலில் வெட்டத் தோன்றுவதும் இந்தக் காத்திருப்பையே.

இன்னொன்றும் எம்மைக் கவர்ந்தது. பரிசோதகர் தமது அறிக்கையில் 'வெடிப்பு இல்லை' என்று எழுதுவதில்லை. 'பதிவு செய்யத்தக்க குறி எதுவும் காணப்படவில்லை' என்றே எழுதுவார். இல்லை என்பது வேறு, காணவில்லை என்பது வேறு. கணக்காய்வு படித்த எமக்கு இது பழகிய பாஷை. நாமும் ஒரு நிறுவனத்தின் கணக்கில் பிழையே இல்லை என்று சத்தியம் செய்வதில்லை. பார்க்க வேண்டிய முறையில் பார்த்தோம், பாரதூரமான பிழை காணவில்லை என்றே சொல்கிறோம்.

ஒரு திங்கட்கிழமை வாடிக்கையாளருக்குப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தோம். சனி, ஞாயிறு வேலைக்கு 38 பொருத்துகள் சோதித்ததாகத் தாள் வந்திருந்தது. களஞ்சியப் புத்தகத்திலோ வெள்ளைத் திரவ ரின் ஒன்றுதான் எடுத்ததாகப் பதிவு. முன்னைய வேலைகளைப் புரட்டிப் பார்த்தோம். ஒரு ரின் பத்து, பன்னிரண்டு பொருத்துகளுக்கு மேல் போனதேயில்லை. தாளின் அடியில் இருந்த கையெழுத்து எமக்கு நன்கு தெரிந்த ஒரு தம்பியுடையது. எமது வீட்டில் வந்து சாப்பிடுகிறவர். ஊரில் தாயையும் இரண்டு சகோதரிகளையும் அவர் சம்பளம்தான் தாங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலை அவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டோம். மறைக்கவில்லை. "பன்னிரண்டு பாத்தனான் அண்ணை. மிச்சம் இருபத்தாறும் பாக்கேல்லை. தனியாளா நிண்டனான், விடியக்காலமை தாள் வேணுமெண்டு நெருக்கினவை. ஆனா அந்த வெல்டர் வலு திறமான ஆள். இரண்டு வருசமா அவற்ரை வேலையிலை நான் ஒரு வெடிப்பும் காணேல்லை. மிச்சமும் நல்லாத்தான் இருக்குமெண்டு எனக்குத் தெரியும்."

"பாக்காமல் எப்பிடித் தெரியும்?" என்றோம்.

"நீங்கள் கணக்குப் பாக்கேக்கை எல்லா வவுச்சரையும் பாக்கிறனீங்களோ?"

இதற்கு எமக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் வந்தது. நாம் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை, உண்மை. ஆனால் சிலவற்றைத்தான் பார்த்தோம் என்று சொல்லிவிட்டே கையெழுத்திடுகிறோம். அவரும் 12 பார்த்து 12 என்று எழுதியிருந்தால் அது பொய்யாகாது, முடியாத வேலை என்று மட்டுமே ஆகியிருக்கும்.

பதில் வந்த பிறகும் நாம் ஒன்றும் செய்யவில்லை என்பதை எழுதத்தான் வேண்டும். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. குழாய்கள் முற்றத்தில் கிடந்தன, வியாழனன்று கப்பலேறும். எமது வேலை பட்டியல் எழுதுவது, சோதனை எமது பகுதியல்ல என்று எமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். அவருடைய அம்மா ரெலிபோனில் எம்மைச் சுகம் விசாரித்ததும் நினைவுக்கு வந்தது. புதன்கிழமை மதியம்தான் வாய் திறந்தோம். "பின்னேரத்துக்கிடையிலை நீர் போய்ச் சொல்லும். இல்லையெண்டால் நான் சொல்லவேண்டி வரும்."

போய்ச் சொன்னார். அன்றிரவே இருவரை வைத்து 26 பொருத்துகளையும் சோதித்தார்கள். ஒன்றிலும் குறையில்லை. தம்பிக்கு எழுத்தில் எச்சரிக்கை, ஆறு மாதம் கையெழுத்திடும் உரிமையும் இல்லை. விடியத் தாள் கேட்டவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவர் எங்கும் கையெழுத்து வைப்பதில்லையே! எம்மைக் கண்டபோது தம்பி சொன்னது ஒரு வசனம்தான். "பாத்தீங்களே அண்ணை, ஒண்டுமில்லை." அதன்பின் நெடுநாள் எமது வீட்டுப் பக்கம் வரவில்லை.

'ஒண்டுமில்லை' என்ற அந்தச் சொல் எம்மை விடவில்லை. அவர் சொன்னது சரியாகவே போய்விட்டது. யாருக்கும் தீங்கு வராத ஒரு பொய்யில் குற்றம் எங்கே இருக்கிறது?

ஸ்தவாங்கர் நகரின் குவெர்னெவிக் கடற்கரையில் 'அறுந்த சங்கிலி' என்றொரு நினைவுச் சின்னம் நிற்கிறது. 1980 மார்ச் 27 அன்று வடகடலில் 'அலெக்சாண்டர் கீலாண்ட்' என்ற மிதக்கும் மேடை கவிழ்ந்தது. அதிலிருந்த 212 பேரில் 123 பேர் இறந்தனர். ஐந்து கால் மேடை, ஒரு கால் பிரிந்தது. ஆராய்ந்தபோது ஆரம்பம் மிகச் சிறியதாக இருந்தது. கடலுக்குள் ஒலி கேட்கும் கருவியைத் தாங்குவதற்காகக் குறுக்குக் குழாயொன்றில் ஒரு சிறு பிடியை வெல்டிங் செய்திருந்தார்கள். அந்த வெல்டிங்கில் இருந்த வெடிப்பே வளர்ந்து குழாயை அறுத்தது. வெடிப்பின் உட்பரப்பில் பெயின்ற் காணப்பட்டது. அதாவது மேடைக்குப் பெயின்ற் பூசும் முன்பே, கடலைக் காணும் முன்பே, அது அங்கே இருந்தது. மேடையைத் தாங்கும் உறுப்பல்லவே, ஒரு பிடிதானே என்று அந்த வெல்டிங்கை யாரும் பெரிதாக எண்ணவில்லை. இந்நாட்டின் அரச கணக்காய்வு அலுவலகம், அதிகாரிகள் இவ்விபத்தைக் கையாண்ட விதத்தை விமர்சித்து அறிக்கை வெளியிட்டது 2021இல். எமது தொழிற்காரர் வந்து சேர நாற்பத்தொரு வருடம் சென்றது.

இதை மட்டும் சொல்லி, 'பார்த்தீர்களா, பார்க்காமல் விட்டால் இப்படித்தான்' என்று முடித்துவிடலாம். ஆனால் மறுபக்கமும் உண்டு. 1989 ஜூலை 19இல் அமெரிக்காவின் சூ சிற்றி விமான நிலையத்தில் யுனைட்டட் நிறுவனத்தின் 232ஆம் இலக்க விமானம் விழுந்தது. 296 பேரில் 112 பேர் மாண்டனர். இயந்திரத்தின் டைற்றேனியத் தட்டு ஒன்று வெடித்துச் சிதறியதே காரணம். அந்தத் தட்டுக்கு முந்திய வருடம் ஒளிரும் திரவச் சோதனை நடந்திருந்தது. அன்றே வெடிப்பு ஏறக்குறைய அரை அங்குலம் இருந்தது. சோதனைத் திரவத்துக்கு ஒத்த இரசாயனத் தடயங்கள் வெடிப்பின் பரப்பிலேயே பின்னர் கண்டெடுக்கப்பட்டன. திரவம் தன் வேலையைச் செய்திருக்கிறது. உள்ளே இறங்கிக் காத்திருந்திருக்கிறது. மனிதக் கண்தான் அதைக் காணவில்லை. விசாரணையாளரும் சோதனை முறையில் மனித இயல்பின் எல்லைகள் போதியளவு கருத்தில் எடுக்கப்படவில்லை என்றே தீர்த்தார்கள்.

இருவரையும் அருகருகே நிறுத்திப் பார்ப்போம். அமெரிக்கப் பரிசோதகர் பார்த்தும் காணாதவர் என்றே வைத்துக்கொள்வோம். 112 பேர் போனார்கள். எமது தம்பி பார்க்கவேயில்லை. ஒரு எறும்பும் சாகவில்லை. விளைவைத் தராசில் போட்டால் தம்பி நிரபராதி, மற்றவர் மகாபாவி. எமது மனம் அதற்கு ஒப்பவில்லை. வெல்டர் திறமானவராக இருந்ததும், டைற்றேனியத்தில் பிறவிக் குறை இருந்ததும் இவர்கள் கையில் இருந்தவையல்ல. கையில் இருந்தது தாள் மட்டுமே. அந்தத் தாளை வாசிப்பவர் பரிசோதகரின் முகத்தையே காணாத ஒருவர். அழுத்தம் ஏறிய குழாயின் அருகே நின்று இரவு வேலை செய்யப் போகிறவர். 'பார்க்கப்படவில்லை' என்று எழுதியிருந்தால் அவர் கேள்வி கேட்டிருக்கலாம், விலகி நின்றிருக்கலாம், சோதித்துத் தரச் சொல்லியிருக்கலாம். பொய்த் தாள் அந்த உரிமையை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. குழாய் வெடிக்காததால் அது திரும்பி வந்துவிடாது.

ஆனாலும், சூ சிற்றியில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் போய், 'அவர் நேர்மையாகத்தான் பார்த்தார், அம்மா' என்று எம்மால் சொல்ல முடியுமா? முடியாது. இந்த இடத்தில் எமது தர்க்கம் நொண்டுகிறது. அதை நாம் ஒளிக்கவில்லை.

இனி எமது வீட்டு விடயத்துக்கு வருவோம். முந்திய வருடம் எமது சங்கத்தின் உள்ளகக் கணக்காய்வாளராகத் தெரிவானோம். பொதுக்கூட்டத்தன்று அன்னதானம் முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் பொருளாளர் ஐயா கணக்கறிக்கையைக் கொண்டுவந்தார். வவுச்சர்கள் பிஸ்கற் ரின்னில் இருப்பதாகச் சொன்னார். நாம் திறக்கவில்லை. கூட்டல் கழித்தலைப் பார்த்தோம். 'பற்றுச்சீட்டுகளுடன் ஒப்பிட்டுச் சரியெனக் கண்டேன்' என்ற வரியின் கீழ்க் கையெழுத்திட்டோம். கைதட்டி ஏற்றுக்கொண்டீர்கள். ஐயாவை முப்பது வருடமாக இவ்வூர்த் தமிழர் எல்லோருக்கும் தெரியும். ஒரு குறோணரும் பிசகியிராது என்பது எமக்குத் தெரியும். தம்பிக்கு அந்த வெல்டரைத் தெரிந்தது போலத்தான்.

இவ்வருடம் ரின்னைத் தரும்படி கேட்டோம். ஐயாவின் முகம் மாறியது. "என்ன தம்பி, என்னிலை சந்தேகமோ?" "இல்லை ஐயா, என்னிலைதான்" என்றோம். அவர் ரின்னை மேசையில் வைத்துவிட்டு மடைப்பள்ளிப் பக்கம் போய்விட்டார். மூன்று மாலைப் பொழுதுகள் இருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். பூமாலைச் சீட்டு இரண்டு தவறியிருந்தன. கேட்டதும் கடையில் பிரதி வாங்கித் தந்தார், ஆனால் பேசவில்லை. முந்திய வருடத்து ரின் களஞ்சிய அறையில் திருவிழாச் சாமான்களுக்கு அடியில் எங்கோ இருக்கிறதாம். அது கிடைக்கும்வரை, அவ்வருட அறிக்கையில் எமது பெயருக்கு மேலுள்ள வரியை வெட்டி, 'பற்றுச்சீட்டுகள் பார்க்கப்படவில்லை' என்று எழுதிவிடும்படி செயலாளருக்குக் கடிதம் கொடுத்துள்ளோம். அடுத்த மாதப் பொதுக்கூட்டத்தில் அது வாசிக்கப்படும்.