அடுப்படி மருந்தும் அமானிதமும்

எல்லாப் புகழும் ஏக வல்லோனாகிய அல்லாஹ்வுக்கே! அவன் திருத்தூதர் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துவிட்டால், தடுமன் புகாத வீட்டைக் காண்பது அரிது. முதலில் பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளை தும்மும். மறுநாள் அதன் தங்கை மூக்கை உறிஞ்சும். அதற்கடுத்த நாள் இருவரையும் மடியில் போட்டுச் சீராட்டிய உம்மாவுக்குத் தொண்டை கட்டிவிடும். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே போய்விடுகிற சிறு நோய்தான் இது. ஆயினும் இச்சிறு நோயை நாம் எப்படி எதிர்கொள்கிறோம் என்பதில் நம் ஈமானும் அறிவும் பொறுப்பும் சேர்ந்தே வெளிப்படுகின்றன. ஆகவே, இதைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது, நம் வீட்டு அடுப்படி என்ன தருகிறது, எங்கே நாம் நின்றுகொள்ள வேண்டும் என்பவற்றைச் சற்றுச் சிந்திப்போம்.

மருந்தும் தவக்குலும்

"ஷிபாவைத் தருபவன் அல்லாஹ், மருந்து எதற்கு?" என்று கேட்பவர்கள் நம்மிடையே சிலர் உண்டு. ஷிபா தருபவன் அவனே என்பதில் ஐயமில்லை. நான் நோயுற்றால் குணமாக்குபவன் அவனே என்று நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் உரைத்ததைத் திருமறை நமக்கு எடுத்துரைக்கின்றது (26:80). ஆனால் அந்த ஷிபாவை அல்லாஹ் காரணங்களின் வழியே அனுப்புகிறான். கிராமத்து அரபிகள் சிலர் வந்து, நாங்கள் சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் செய்துகொள்ளுமாறே பணித்தார்கள். முதுமை ஒன்றைத் தவிர எந்தப் பிணிக்கும் மருந்தை வைக்காமல் அல்லாஹ் விடவில்லை என்றும் விளக்கினார்கள். உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ முதலிய நூற்களில் இடம்பெற்றுள்ளது. ஆதலின், மருந்து உண்பது தவக்குலுக்கு மாறானது அன்று. மருந்தே குணமாக்கிற்று என்று எண்ணுவதே மாறானது.

தும்மலிலும் ஓர் ஒழுக்கம்

தடுமன் தும்மலில் தொடங்குகிறது. தும்மியவர் 'அல்ஹம்து லில்லாஹ்' என்கிறார். கேட்டவர் 'யர்ஹமுகல்லாஹ்' என்கிறார். இது நம் பிள்ளைகளும் அறிந்ததே. ஆனால் ஒருவர் அடுத்தடுத்துத் தும்மினால்? ஒருவர் நபி (ஸல்) அவர்களின் சமுகத்தில் தும்மினார். அவருக்காகப் பெருமானார் துஆச் செய்தார்கள். அவர் மறுபடியும் தும்மியபோது, இவருக்கு ஜலதோஷம் கண்டிருக்கிறது என்று சொன்னார்கள். ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இது முஸ்லிம் ஷரீபில் உள்ளது. நோயை நோயென்று கண்டறிந்து சொன்ன அழகைப் பாருங்கள்!

மேலும், தாங்கள் தும்மும்போது கையாலோ துணியாலோ முகத்தை மூடி, ஓசையைத் தாழ்த்திக்கொள்வது பெருமானாரின் வழக்கமாக இருந்தது. தடுமனை உண்டாக்குபவை இருநூறுக்கும் மேற்பட்ட நுண்கிருமி வகைகள் என்பதையும், அவை தும்மல் திவலைகளாலும் கைகளாலும் பரவுகின்றன என்பதையும் இன்றைய மருத்துவம் அறிந்து சொல்கிறது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் காட்டப்பட்ட ஒழுக்கத்தை, தும்மிவிட்டு அதே கையால் பிள்ளைக்குச் சோறூட்டும் நாம் விட்டுவிடலாமா? கைக்குட்டையில் தும்முங்கள், கையிலே தும்ம நேர்ந்தால் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

அடுப்படியிலுள்ள அருள்

தாய்மார்களே! உங்கள் அஞ்சறைப் பெட்டியில் அல்லாஹ் வைத்திருக்கும் அருளைச் சிறிதென்று எண்ணாதீர்கள். சுவனத்துப் பானத்தில் இஞ்சி கலந்திருக்கும் என்று திருமறை (76:17) கூறுகிறது. அந்த இஞ்சி காய்ந்தால்தான் சுக்கு. ஒரு விரற்கடை சுக்கையும் பத்து மிளகையும் ஒரு கரண்டி கொத்தமல்லி விதையையும் ஒன்றிரண்டாகத் தட்டி, இரண்டு குவளை நீரிலிட்டு ஒரு குவளையாக வற்றக் காய்ச்சி, கருப்பட்டி சேர்த்து வடிகட்டிக் குடித்தால், அடைத்த தொண்டைக்கு இதமாக இருக்கும். நீரிழிவு உள்ளவர்கள் கருப்பட்டியை விட்டுவிடுக.

மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட கோழி ஆணம், நோயாளி சூடாகப் பருகத் தக்க உணவு. உடலுக்கு நீரையும் உப்பையும் சத்தையும் ஒருசேரத் தருகிறது. நோயுற்றவர்களுக்கும் துக்கத்திலிருப்போருக்கும் வாற்கோதுமை மாவில் காய்ச்சிய 'தல்பீனா' என்னும் கஞ்சியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கொடுக்கச் சொல்வார்கள். அது நோயாளியின் உள்ளத்திற்கு ஆறுதல் அளிப்பதாகப் பெருமானார் கூறக் கேட்டதாக அறிவிப்பார்கள். நம் வீட்டு நொய்க்கஞ்சியை அந்த எண்ணத்தோடு காய்ச்சிக் கொடுங்கள், உங்களுக்கு நன்மையுமாகும்.

வெதுவெதுப்பான நீர் ஒரு குவளையில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுத் தொண்டையில் நிறுத்திக் கொப்பளிப்பது, கரகரப்பைத் தணிக்கும். யூனானி ஹக்கீம்கள் நஸ்லா, ஜுகாம் என்று பெயரிட்டு, அதிமதுரமும் இலந்தை வகையான உன்னாபும் சேர்ந்த ஜோஷாந்தாக் கஷாயத்தைக் கொடுப்பார்கள். எனினும் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தைத் தொடர்ந்து உண்ணுதல் ஆகாது.

நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது பெரியவர்களுக்குச் சற்று நேரம் மூக்கடைப்பை நீக்கலாம். ஆனால் பிள்ளைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்தின்முன் போர்வைக்குள் உட்கார வைக்காதீர்கள். பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகள் எத்தனையோ! சில நாளில் போகிற தடுமனுக்காக ஆயுள் முழுதும் மாறாத வடுவைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

இவையெல்லாம் கிருமியைக் கொல்பவை அல்ல. நோயின் தொல்லையைக் குறைப்பவை. கடைக்குச் சென்று நாமாகவே வாங்கி விழுங்கும் 'ஆன்டிபயாடிக்' மாத்திரைகளும் தடுமன் கிருமியை ஒன்றும் செய்வதில்லை. வீணாக உண்பதால், பின்னர் உண்மையாகவே அவை தேவைப்படும் நாளில் வேலை செய்யாது போகும் கேடுதான் மிச்சம்.

தேனும் கருஞ்சீரகமும்

தேனீயின் வயிற்றிலிருந்து வெளிப்படும் பலநிறப் பானத்தில் மனிதருக்கு ஷிபா உண்டு என்று 'நஹ்லு' அத்தியாயம் (16:69) அறிவிக்கிறது. இருமலால் உறக்கம் கெடும் பெரியவர்களுக்கும், ஒரு வயது நிறைந்த பிள்ளைகளுக்கும் படுக்குமுன் ஒரு சிறு கரண்டி தேன் இருமலைத் தணிப்பதை இக்கால மருத்துவரும் ஒப்புக்கொள்கின்றனர்.

கருஞ்சீரகத்திலோ மரணம் தவிர எல்லா நோய்க்கும் ஷிபா உண்டென்பது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ள நபிமொழி. ஃகாலிப் இப்னு அப்ஜர் என்பவர் பயணத்தில் நோயுற்று மதீனா வந்தபோது, அவரைக் காண வந்த இப்னு அபீ அதீக் அவர்கள், ஐந்து அல்லது ஏழு கருஞ்சீரக மணிகளை நசுக்கி எண்ணெயோடு மூக்கிலிடச் சொன்னார்கள் என்று புகாரீயில் உள்ளது. அவருக்குக் கண்டிருந்தது ஜலதோஷமாக இருக்கலாம் என்று விரிவுரையாளர் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் கருதுகிறார்கள்.

இங்கே நாம் நன்கு கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. 'எல்லா நோய்க்கும்' என்ற பொதுச் சொல்லைக் கண்டவுடன், எவருக்கும் எந்நேரத்திலும் எவ்வளவும் கொடுக்கலாம் என்று நம் முன்னோர்களான இமாம்கள் கொள்ளவில்லை. சொல் பொதுவாயினும் அதன் கருத்துக் குறிப்பானது. குளிர்ச்சியாலும் ஈரத்தாலும் வரும் நோய்களையே அது சுட்டும் என்று இமாம் கத்தாபீ (ரஹ்) விளக்கினார்கள். தேன் பற்றிய ஆயத்திலும், 'அதில் ஷிபா உண்டு' என்றிருப்பதற்கும் 'அதுவே முழு ஷிபா' என்றிருப்பதற்கும் வேற்றுமை உண்டு என்று அறிஞர்கள் சொன்னதை இப்னு கதீர் (ரஹ்) தம் தப்ஸீரில் எடுத்தெழுதுகிறார்கள். ஆக, ஆளையும் வயதையும் நோயையும் பார்த்தே மருந்தைக் கொடுக்க வேண்டும் என்பது மார்க்க அறிஞர்கள் முன்பே கண்ட உண்மை. கருவுற்ற பெண்கள் கருஞ்சீரகத்தை மருந்தாக உண்ணுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நலம்.

பச்சிளம் பிள்ளை ஓர் அமானிதம்

இப்பொழுது சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டிய இடத்திற்கு வருகிறோம். பல வீடுகளில் மாமியாருக்கும் மருமகளுக்கும் மனத்தாங்கல் உண்டாகும் இடமும் இதுவே. பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத பிள்ளைக்கு மூக்கு அடைத்திருக்கும். "தேனைத் தொட்டு நாக்கில் தடவு, குர்ஆனே சொன்ன மருந்து" என்பார் மூத்தவர். "டாக்டர் கூடாதென்றார் மாமி" என்பாள் இளையவள். "டாக்டர் பெரிதா, குர்ஆன் பெரிதா?" என்று பேச்சு வளரும்.

பெரியோர்களே! உங்கள் அன்பில் குறையில்லை. ஆனால் குர்ஆனுக்கும் அந்த மருத்துவருக்கும் இங்கே சண்டையே இல்லை. ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் கொடுத்தல் கூடாது. தேனில் சில வேளை மறைந்திருக்கும் ஒரு கிருமியின் வித்து, பெரியவர்களின் குடலில் ஒன்றும் செய்யாது போய்விடும். பச்சைப் பிள்ளையின் முதிராத குடலிலோ முளைத்து நஞ்சை உண்டாக்கி, பிள்ளையின் கை கால்களையும் மூச்சையும் தளரச் செய்துவிடும். அரிதாக வருவதுதான், ஆனால் வந்தால் உயிருக்கு ஆபத்து. தேன் எவ்வளவு சுத்தமானதாயினும், காய்ச்சினதாயினும் இதே சட்டந்தான்.

தஹ்னீக் சுன்னத்தல்லவா என்று கேட்கலாம். ஆம், சுன்னத்தே. ஆனால் அஸ்மா (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் இப்னு ஸுபைருக்கும், அபூதல்ஹா (ரலி) அவர்களின் பிள்ளைக்கும் பெருமானார் செய்த தஹ்னீக் பேரீச்சம்பழத்தால் ஆனது, தேனால் அன்று. பச்சிளம் பிள்ளைக்குத் திருமறை குறிப்பிட்டுச் சொன்ன ஆகாரம் தாய்ப்பால் (2:233). மூக்கடைத்த பிள்ளைக்கும் அதுவே சிறந்த மருந்து. இடைவெளி குறைத்து அடிக்கடி கொடுங்கள்.

மற்றும் மூன்று பழக்கங்களையும் விட்டுவிடுங்கள். பிள்ளையின் மூக்கில் எண்ணெய் விடுதல் ஒன்று. அது மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். குளிப்பாட்டும்போது வாயால் மூக்கை ஊதிச் சளியெடுத்தல் மற்றொன்று. நம் வாயின் கிருமியைப் பிள்ளைக்குள் ஊதுவதே அது. சூடத்தை எண்ணெயில் கரைத்து நெஞ்சில் தேய்த்தல் மூன்றாவது. சூடம் பச்சைப் பிள்ளைக்கு வலிப்பை உண்டாக்கக் கூடியது. கற்பூரவல்லி இலை வேறு, கற்பூரமாகிய சூடம் வேறு, பெயரொப்புமையால் ஏமாந்துவிடாதீர்கள்.

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு விளைந்தால், அவரே அதற்குப் பொறுப்பாளி என்பதாக அபூதாவூதில் ஒரு நபிமொழி உண்டு. அடுப்படி மருத்துவம் செய்யும் நம் அனைவருக்கும் அது பொருந்தும். வாய்பேசத் தெரியாத பிள்ளை, அல்லாஹ் நம் கையில் கொடுத்த அமானிதமல்லவா?

அறியாமையின் மருந்து

ஒரு பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம்பட்டிருந்தது. அந்நிலையில் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தவர்களைக் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், மாண்டு போனார். செய்தியறிந்த பெருமானார் (ஸல்) அவர்கள் மிகுந்த கோபம் கொண்டு, அவர்களே அவரைக் கொன்றுவிட்டதாகக் கடிந்துரைத்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதன்றோ என்று உணர்த்தினார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தியை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகவே எப்பொழுது மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதைக் கேட்டறிந்து வைத்திருங்கள். பிள்ளை அமைதியாக இருக்கும்போது அதன் மூச்சை ஒரு நிமிடம் முழுதும் எண்ணுங்கள். இரண்டு மாதத்திற்குட்பட்ட பிள்ளைக்கு 60, ஒரு வயதிற்குட்பட்ட பிள்ளைக்கு 50, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் தாமதம் கூடாது. மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், தட்டியெழுப்பியும் விழிக்காமல் சோர்ந்து கிடந்தாலும் உடனே தூக்கிச் செல்லுங்கள். மூன்று மாதத்திற்குட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலே காத்திருத்தல் தகாது. பெரியவர்களுக்கும் மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ கஷாயத்தை வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

வணக்கத்தில் சலுகை

சாதாரணத் தடுமனுக்குத் தொழுகையை விட இடமில்லை. வெந்நீரில் உளூச் செய்துகொள்ளலாம். தண்ணீர் பட்டால் நோய் கடுமையாகும் என்ற உண்மையான அச்சம் இருப்பின் தயம்மும் உண்டு. தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பில், கடுங்குளிர் இரவில் குளிப்புக் கடமையான அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் தயம்மும் செய்து தொழவைத்ததைக் கேட்டுப் பெருமானார் புன்னகைத்தார்களேயன்றிக் கண்டிக்கவில்லை. நோய் ஜமாஅத்துக்கு வராதிருக்கத் தக்க காரணம் என்பதும் சட்டநூற்களில் உள்ளதே. பூண்டு, வெங்காய வாடையோடு பள்ளிக்கு வருவதையே தடுத்த மார்க்கம், கடும் இருமலோடு ஸஃப்பில் நின்று பக்கத்திலிருக்கும் முதியவருக்கு நோயைக் கொடுப்பதை விரும்புமா? இரண்டு நாள் வீட்டிலே தொழுதுகொள்ளுங்கள்.

நோயைத் திட்டாதீர்கள். காய்ச்சலை ஏசிய உம்முஸ் ஸாயிப் (ரலி) என்னும் அம்மையாரை, ஏச வேண்டாம் என்று பெருமானார் தடுத்தார்கள். கொல்லனின் துருத்தி இரும்பின் அழுக்கைப் போக்குவதுபோல் அது பாவங்களைப் போக்கும் என்று ஆறுதல் சொன்னார்கள்.

ஆகவே தாய்மார்களே! சுக்கைத் தட்டும்போது 'பிஸ்மில்லாஹ்' சொல்லுங்கள். கஷாயத்தைக் கொடுக்கும்போது ஷிபாவை அல்லாஹ்விடம் கேளுங்கள். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேளுங்கள். இம்மூன்றும் சேர்ந்த வீட்டில் இளையவளின் சொல்லை மூத்தவர் கேட்பதும், மூத்தவரின் கைப்பக்குவத்தை இளையவள் போற்றுவதும் எளிதாகும்.

வல்ல நாயன் நம் வீட்டுப் பிள்ளைகளையும் முதியோரையும் எல்லாப் பிணிகளிலிருந்தும் காத்து, நோயுற்றோருக்குப் பூரண ஷிபாவை அருள்வானாக! ஆமீன்.