வேலை நேரத்தில் ஒரு குளக்கரை

திருப்பூரில் பெரும்பாலும் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. பனியன் கம்பெனித் தொழிலாளியை வீட்டில் பிடிக்க முடிகிற அந்த ஒரு நாளில்தான் தொண்டு நிறுவனக் களப்பணியாளர் தெருத் தெருவாகப் போகிறார். பள்ளியை விட்டு நின்ற பிள்ளை, கைக்கு வராத பி.எஃப். பணம், ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண்ணின் மனக்குறை, ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்தின் ரேஷன் சிக்கல் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கே காத்திருக்கும். ஊருக்கு ஓய்வு நாள். இவர்களுக்கு வேலை மிகுந்த நாள்.

இவர்களைத் தேய்ப்பது அலைச்சல் மட்டுமல்ல. கேட்ட துயரத்தைத் தீர்த்துவைக்க முடியாமல் வீடு திரும்புவதுதான் அதிகம் தேய்க்கிறது. கூடவே மாதாந்திர ரிப்போர்ட், புராஜெக்ட் நிதி நீடிக்குமா என்ற கவலை. ஒரு கட்டத்தில், எதிரே ஒருவர் அழுதாலும் மனம் அசையாது. ‘நமக்கு இரக்கமே வற்றிவிட்டதோ’ என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

இது குணக்கேடு அல்ல. 1974இல் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் இந்தச் சோர்வைப் பற்றி எழுதியபோது அவர் கண்முன் இருந்தவர்கள், நியூயார்க்கின் இலவச மருத்துவமனையில் உழைத்த தொண்டர்கள். 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதை நோயாக அல்லாமல், சரியாகக் கையாளப்படாத, நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவாகவே வகைப்படுத்தியது.

ஆறுதலுக்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஊத்துக்குளி வட்டத்தில் நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2022இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த நீர்நிலை. குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் இங்கே வருகின்றன. நாளெல்லாம் பிறர் குறையைக் கேட்டவரிடம் இந்தக் குளம் எதையும் கேட்பதில்லை. நாமக்கோழி நீந்துவதைப் பார்ப்பதற்குத் தீர்வு சொல்ல வேண்டாம், படிவம் நிரப்ப வேண்டாம். கவனம் அங்கே வேலை செய்யாமலே விழித்திருக்கிறது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 2 மணி நேரமாவது இயற்கையில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிறைவும் மேலாக இருப்பதாகச் சொன்னார்கள்.

இந்தக் குளம் இன்னொன்றையும் தருகிறது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு ஓடியதால் 2011இல் சாயப்பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றமே உத்தரவிட நேர்ந்த ஊர் இது. அந்த ஊரில் ஒரு நீர்நிலை உலகப் பட்டியலில் ஏறியிருக்கிறது என்றால், பலர் பல ஆண்டுகள் அதை விடாமல் கவனித்திருக்கிறார்கள். தன் உழைப்புக்குப் பலன் உண்டா என்று தளர்ந்திருப்பவர் அங்கே போய்ப் பார்க்கட்டும்.

ஆனால் குளம் சம்பளத்தை உயர்த்தாது. ஒருவர் தலையில் சுமத்திய மூவர் வேலையைக் குறைக்காது. அவற்றைச் சரிசெய்யாமல் ‘போய்ப் பறவை பாருங்கள்’ என்று அனுப்புவது, நிர்வாகத்தின் பொறுப்பை ஊழியர் தலையில் கட்டுவதாகும்.

தொண்டு நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: வாரநாளில் 2 மணி நேரத்தைக் குளக்கரைக்கு ஒதுக்குங்கள். வருகைப் பதிவேட்டில் அதைப் பணி நேரமாகவே எழுதுங்கள். அந்த நேரத்து அழைப்புகளை வேறொருவர் எடுக்கட்டும். அங்கே எடுத்த படத்தை ரிப்போர்ட்டுக்குக் கேட்காதீர்கள். நிதி தருகிறவர்களும் இந்தச் செலவை ஏற்க வேண்டும். பிறர் துயரத்தைக் கேட்கும் மனிதரின் மனத்தைக் காப்பதும் தொண்டுதான்.