நின்ற இடமும் காட்டிய இடமும்

ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் சட்டமிட்ட படம் ஒன்று உள்ளது. பழைய படங்களின் மறுபதிப்பு ஏடு ஒன்றிலிருந்து அலுவலக நண்பர் ஒருவர் படியெடுத்துத் தந்தது அது. உயர்ந்த மலையொன்று அதில் ஓங்கி நிற்கிறது. படத்தின் ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘குமரிமுனை, களக்காட்டருகே இருந்து எடுக்கப்பட்டது’ என்றாகும்.

நான் பிறந்தது களக்காட்டை அடுத்த ஒரு சிற்றூரில். ஆகவே படத்தைக் கண்ட மாத்திரத்தில், “இது நம்மூர் மலை, இதன் அடிவாரத்து வாய்க்காலில்தான் நான் நீந்தப் பழகினேன்” என்று மகளிடம் பெருமையுடன் கூறினேன். படத்தின் கீழ் ‘எங்கள் ஊர்’ என்று எழுதியும் வைத்தேன். அவளோ, “குமரிமுனை என்றல்லவா போட்டிருக்கிறது, அப்பா? அங்கே நாம் கடலைத்தானே பார்த்தோம்?” என்று வினவினாள். “பெற்ற தகப்பனை நம்பமாட்டாயா?” என்று அதட்டி அவள் வாயை அடைத்தேன். அன்று நான் செய்தது சரியா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

படத்தை வரைந்தோர் தாமஸ் டேனியலும் அவர் உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியலும் ஆவர். 1786இல் கல்கத்தாவில் வந்திறங்கிய இவ்விருவரும், 1792இல் சென்னையிலிருந்து புறப்பட்டு, மைசூர் நாட்டு எல்லை, மதுரை, திருநெல்வேலிச் சீமை வழியாகத் தென்கோடிவரை சென்றனர். தாயகம் திரும்பியபின், 1795 முதல் 1808 வரை 144 படங்களை வெளியிட்டனர். செப்புத் தகட்டில் பிசின்தூளைப் படியவைத்து, அமிலத்தால் அரிக்கச் செய்து, ஒளியும் நிழலும் தோன்ற அச்சிடும் முறை அவர்களுடையது. களக்காட்டில் கண்ட காட்சி, பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே இலண்டனில் தகடேறியது. கண்ணுக்கும் தகட்டுக்கும் இடையே அத்தனை காலமும் கடலும் கிடந்தன.

அப்படியாயின் அந்த மலை எங்குள்ளது? குமரிமுனையோ பாறைகள் நிறைந்த தாழ்ந்த கடற்கரை. களக்காடு அதற்கு வடக்கே, நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் அமைந்தது. தலைப்பு குமரியின் பெயரைச் சொல்கிறது. ஓவியர் நின்றதோ களக்காட்டருகே. ஒரே படத்திற்குள் இரண்டு இடங்கள்!

இத்தகைய படங்களின் இடத்தைக் கண்டறிய நேரிய வழியொன்று உண்டு. மரம் பட்டுப்போகும், மண்டபம் இடியும், ஆறும் தடம் மாறும். மலைமுகட்டின் கோடோ இருநூறு ஆண்டுகளில் பெரிதாக மாறுவதில்லை. அருகிலுள்ள குன்றும் தொலைவிலுள்ள சிகரமும் படத்தில் எப்படி ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றனவோ, அப்படிப் பொருந்தும்வரை நாம் நடந்து பார்க்க வேண்டும். அவ்வாறு இரண்டு பொருத்தங்கள் ஒருசேர வாய்க்கும் இடமே ஓவியர் நின்ற இடம். 1990களில் அந்தோனியோ மார்ட்டினெல்லி என்ற ஒளிப்படக் கலைஞர், டேனியல்கள் வரைந்த இடங்களைத் தேடிச் சென்று, அதே காட்சிகளைப் படம் பிடித்தார். நம்பிக்கையை மட்டும் துணைக்கொண்டு அவர் செல்லவில்லை. படத்தைக் கையில் கொண்டே சென்றார்.

கோடை விடுமுறையில் நானும் அவ்வாறே சென்றேன். எங்கள் வாய்க்கால் கரையில் நின்று படத்தை உயர்த்திப் பிடித்தேன். மலையின் ஒரு தோள் பொருந்துவதுபோல் தோன்றியது, இடைவெளி பொருந்தவில்லை. அரைக்கல் தொலைவு தெற்கே நடந்தேன். இடைவெளி ஒத்துவந்தது, தோள் ஒத்துவரவில்லை. பொழுது சாயும்வரை அலைந்தபின், வரப்பில் அமர்ந்து என்னையே கேட்டுக்கொண்டேன்: நான் படத்தில் மலையைக் கண்டேனா, மலை இருக்க வேண்டும் என்ற என் ஆசையைக் கண்டேனா?

புலம்பெயர்ந்து வாழும் நம்மிற் பலர், பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டும்போது இப்பிழையைச் செய்கிறோம். வற்றாத ஆறு, வாசல் நிறைந்த உறவு, வஞ்சமறியாத மக்கள் என்று சொல்லோவியம் தீட்டுகிறோம். அவற்றுள் பொய் பெரும்பாலும் இராது. ஆயினும் நாம் நின்ற இடத்தைச் சொல்ல மறக்கிறோம். பத்து வயதுச் சிறுவனாக நின்று கண்டது இது. முப்பது ஆண்டு பிரிவின் ஏக்கத்தில் நின்று சொல்வது இது என்று கூறுவதில்லை. ஐயம் எழுப்பும் பிள்ளையிடம் அன்பின் பெயரால் அதிகாரம் செய்கிறோம். அன்பு சாட்சியாகலாம், தீர்ப்பு வழங்கும் உரிமை அதற்கில்லை.

மொழியறியாத நாட்டில் வழிப்போக்கராக வந்த அவ்விருவரும் இவ்வகையில் நம்மினும் நேர்மையாளர் என்றே எனக்குத் தோன்றுகிறது. காட்டிய பொருளின் பெயரோடு, நின்று கண்ட இடத்தின் பெயரையும் அவர்கள் எழுதினார்கள். அவ்வொரு சொல் இருந்ததனாலன்றோ இன்று நாம் அவர்களைச் சோதிக்கவும் முடிகிறது? தன்னைச் சோதிக்க இடம் தருவதே மெய்யுரையின் இலக்கணம்.

பெங்களூர் திரும்பியதும் சட்டத்தைக் கழற்றி, ‘எங்கள் ஊர்’ என்பதை அடித்துவிட்டு, ‘எங்கள் ஊர்ப்பக்கம் நின்று யாரோ இருவர் கண்டது’ என்று எழுதினேன். மகள் படித்துப் பார்த்தாள். “வாய்க்காலில் நீந்தியது மட்டும் உண்மைதானே, அப்பா?” என்று கேட்டாள். உண்மைதான் என்றேன். இம்முறை அவள் நம்பினாள்.