காக்கப்படுவது கல்லா, வாழ்வா?

பழமையைக் காக்க வேண்டும் என்று கூறாதவர் இல்லை. ஆனால், காக்கத்தக்கது எது, அதற்குரிய செலவை ஏற்க வேண்டியவர் யார் என்று வினவினால் விடை எளிதில் கிடைப்பதில்லை. ஒரு சிறு நகரின் சில தெருக்களைக் கோடிட்டுப் பிரித்து, 'இது வரலாற்று வட்டாரம்' என அறிவிக்கும்பொழுது இவ்வினா ஏட்டை விட்டு வீதிக்கு இறங்கி விடுகிறது. மலாக்கா நகரம் இதற்குத் தக்க சான்றாகும்.

2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவையும் பினாங்கின் ஜார்ஜ் டவுனையும் ஒருசேர உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. மலாக்காவில் காப்புக்குரிய பகுதி 45.3 ஹெக்டர்; அதனைச் சூழ்ந்த அரண் போன்ற பகுதி 242.8 ஹெக்டர். ஒரு காலைப் பொழுதில் சுற்றி வந்துவிடக்கூடிய இச்சிறு பரப்பில்தான் பல அரசுகளின் சுவடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன.

அச்சுவடுகள் தாமாக எஞ்சியவை அல்ல. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்ச்சுகீசியர், பள்ளிவாசல்களிலிருந்தும் அரச கல்லறைகளிலிருந்தும் பெயர்த்த கற்களைக் கொண்டே தம் கோட்டையை எழுப்பினர். அக்கோட்டையை 1807இல் ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்தனர். மலாக்காவிற் பிறந்த, தமிழ்க் குருதியும் அரபுக் குருதியும் கலந்த மரபினரான முன்ஷி அப்துல்லா அவ்வழிவைத் தம் நூலில் பதிந்து வைத்தார். இன்று எஞ்சி நிற்பது ஒரு வாயில் மட்டுமே. அதற்கு அண்மையில், மலாய் வரலாற்று நூலின் வருணனையைத் துணைகொண்டு 1980களில் எழுப்பப்பட்ட சுல்தான் அரண்மனை ஒன்று நிற்கிறது. முன்னது எச்சம், பின்னது நினைவுக்குக் கொடுத்த வடிவம். இரண்டையும் நிறுத்தி வைத்திருப்பது மனிதரின் தேர்வே. தேர்வு என்று வந்துவிட்டால், அங்கே நீதி பற்றிய வினாவும் உடன் வந்துவிடுகிறது.

கோட்டைக்கு அப்பால், ஆற்றின் மறு கரையில், பழைய கடைவீடுகள் வரிசையாக உள்ளன. கீழே தொழில், மேலே குடும்பம் என்பதே அவற்றின் அமைப்பு. 1948ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாளுக்கு முன் கட்டப்பட்ட இத்தகைய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தி வந்தது. 1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1999 இறுதியோடு அதன் நிழலும் மறைந்தது. வாடகை ஏறியது. மலாக்காவிலும் ஜார்ஜ் டவுனிலும் தலைமுறைகளாக வாழ்ந்த குடித்தனக்காரர் பலர் வெளியேறினர். உலகப் புகழ் வந்த பின்னர் விடுதிகளும் நினைவுப் பொருள் கடைகளும் பெருகின. சுவரின் வண்ணம் புதுப்பிக்கப்பட்டது; சுவருக்குள் இருந்த வாழ்வோ இடம்பெயர்ந்தது.

இதற்கு வீட்டுரிமையாளரைப் பழிப்பது முறையாகுமா? ஓட்டை மாற்றவும் உத்திரத்தைத் தாங்கவும் போதாத வாடகையைப் பல்லாண்டு பெற்றவர் அவர். பொதுமக்களின் பெருமைக்காக ஒருவர் மட்டும் இழப்பைச் சுமப்பது அறமாகாது. அறிவிப்பையே பழிப்பதும் பொருந்தாது. தடுப்பார் இல்லையேல், மனை விலை உயர்ந்த ஊர்களில் பழைய கட்டடங்கள் இடிந்தே போயிருக்கும். அவ்வாறாயின் பிழை எங்கே? அறிவிப்பை மகுடமாகக் கருதிச் சூடிக்கொண்டு, அது ஒரு கடன் என்பதை மறந்ததே பிழை. பழமையால் வருவாய் பெறுவோர், பழமையைச் சுமப்போரின் பாரத்தில் பங்கு ஏற்க வேண்டும். வருகையாளர் தரும் பணத்தில் ஒரு பகுதி கூரையைச் செப்பனிடவும், குடியிருப்போரின் வாடகையைத் தாங்கவும் செல்லுமாயின், உரிமையாளரும் குடித்தனக்காரரும் எதிரிகளாக நிற்க நேராது.

வாழ்வு நிலைத்தால் கல்லும் நிலைக்கும் என்பதற்கு அதே வட்டாரத்தில் சான்று உண்டு. தட்டார் தெரு என்று பொருள்படும் ஜாலான் துக்காங் இமாஸ் சாலையில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் உள்ளது. டச்சு ஆட்சிக் காலத்தில், 1781இல், மலாக்கா செட்டிகள் எழுப்பிய ஆலயம் அது. அச்சமூகத்தாரின் வீட்டு மொழி மலாயாகிவிட்டது. சைவ வழிபாடோ மாறவில்லை. அதே சாலையில் பள்ளிவாசலும், சற்றுத் தொலைவில் சீனக் கோயிலும் உள்ளன. இவை இன்றும் அரும்பொருளகங்கள் அல்ல. விளக்கேற்ற ஒருவர் வருகிறார். தொழுகைக்கு ஒருவர் வருகிறார். ஊதுவத்தி கொளுத்த ஒருவர் வருகிறார். எந்த அறிவிப்பும் பிறப்பதற்கு முன்பே அவற்றைக் காத்தவர்கள் இவர்களே.

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கலாமா என்று பெரியோர் கேட்பர். குடிகளை இழந்து தெருவைப் பெறுவதும் அத்தகையதே. மாணவரை மலாக்காவிற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், 'இதைக் கட்டியவர் யார்?' என்பதோடு வினாவை நிறுத்திவிடுதல் ஆகாது. 'இங்கே வாழ்ந்தவர் யார்? அவர் இப்பொழுது எங்கே?' என்றும் வினவச் செய்ய வேண்டும். அவ்விரு வினாக்களுக்கும் விடை தேடும் இளைஞரே, நாளை வேறொரு நகரின் வரைபடத்தில் கோடு இடும்பொழுது, அக்கோட்டிற்குள் இருக்கும் மனிதரையும் எண்ணிப் பார்ப்பர்.