தேர்தற் காலத்தில் நாம்

2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நம் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதனை மீண்டும் திறப்போமென்னும் வாக்குறுதியைத் தேர்தற் காலங்களில் கேட்டுவருகிறோம். குடியரசுக் கட்சியினரையும் கம்யூனிஸ்டுகளையும் சட்டமன்றத்திற்கு அனுப்பிய இவ்வூரில், எப்பக்கம் நிற்பதெனப் பலர் கலங்குகின்றனர்.

கேசபுத்த நகரத்துக் காலாமர்களும் இவ்வாறே கலங்கினர். அங்கு வந்த போதகர் ஒவ்வொருவரும் தம் கொள்கையைப் புகழ்ந்து, பிறர் கொள்கையை இகழ்ந்தனர். பகவன் புத்தரோ எவரையும் சுட்டிக்காட்டினாரில்லை. ஆசை, பகை, மயக்கம் ஆகியவற்றை வளர்ப்பது எது, தணிப்பது எதுவெனத் தாமே ஆராய்ந்தறியுமாறு போதித்தார்.

ஆதலின், வாக்குக் கேட்டு வருபவரை வினவுங்கள்: தொழிலிழந்த குடும்பங்களுக்குத் தாங்கள் செய்தது யாது? விடைக்குப் பதிலாகப் பணத்தை நீட்டுபவரையும், பகையை மூட்டுபவரையும் விலக்குங்கள். முடிவு செய்தபின், வேறு கொடி பிடித்த லைன் வீட்டு அண்டையாரோடு சங்கத்தில் ஒரே பாயில் அமருங்கள். அதுவே தம்மம்.