புறப்பட்டவளும் புகுந்தவரும்

திவ்யதேசம் ஸேவிக்கச் செல்லும் யாத்ரிகர், அவ்வூரில் வாழ்பவரைக் கண்டால் என்ன கேட்கிறார்? வழி கேட்பார், நடை திறந்திருக்குமா என்று கேட்பார். எம்பெருமானார் (1017–1137) திருக்கோளூரில் கேட்டதோ வேறு.

தாமிரபரணிக் கரையிலுள்ள திருக்கோளூர், நவதிருப்பதிகளுள் ஒன்று. மதுரகவியாழ்வார் திருவவதரித்த தலம். வைத்தமாநிதிப் பெருமாள் சயனித்தருளும் ஊர். திருவாய்மொழி ஆறாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழியில், இல்லம் நீங்கிய பராங்குச நாயகி இவ்வூரிலேதான் புகுந்திருப்பாள் என்று அவள் திருத்தாயார் துணிகிறாள். அவ்வாறு ஆழ்வார் புகும் ஊராகப் பாடியதிலிருந்து ஒரு பெண்பிள்ளை வெளியேறக் கண்டு, உடையவர் காரணம் வினவினார்.

அவள் கூறிய விடையே 81 வாக்கியங்களாலான 'திருக்கோளூர்ப் பெண்பிள்ளை ரஹஸ்யம்'. அக்ரூரர் கண்ணனை அழைத்து வந்தார். குகப்பெருமாள் ஓடம் விட்டார். சபரி இனியதைச் சேர்த்து வைத்தாள். இவற்றுள் ஒன்றும் செய்யாத தான் இங்கிருந்து என்ன பயன் என்பது அவள் கருத்து.

தகுதியில்லை என்று உணர்ந்தவர் விலகிப் போவது முறையா? அவளுடைய நேர்மையை எளிதில் தள்ள முடியாது. ஸந்நிதிக்கு அருகில் குடியிருப்பதையே பெருமையாகக் கொண்டு திரிபவரைவிட அவள் உயர்ந்தவள். ஆயினும், கைம்முதலின்மையாகிய ஆகிஞ்சந்யமே சரணாகதிக்கு அதிகாரம் என்பதன்றோ நம் பூர்வாசார்யர்களின் நிலை? அப்படியானால், போவதற்கு அவள் சொன்ன காரணமே இருப்பதற்கும் காரணமாகிறது.

இதை எடுத்துரைத்து உடையவர் அவளோடு வாதிட்டிருக்கலாம். ஆனால் அவர் அவள் திருமாளிகைக்கு எழுந்தருளி, அவளிட்ட அமுதை ஏற்றார் என்று பெரியோர் பணிப்பர். சபரியைப் போல ஒன்றும் வைக்கவில்லை என்று வருந்தியவளின் வாசலில், சபரிக்கு வாய்த்தது போலவே ஓர் அதிதி வந்து நின்றார். அவளிடம் இல்லாதிருந்தது கைங்கர்யம் செய்யும் தகுதியன்று. அதைக் கேட்டு வாங்குவார் ஒருவரே.

இது அக்காலத்தோடு முடிந்த செய்தியன்று. அண்ணாமலையை வலம்வர வரும் பெருங்கூட்டத்தை அருகிருந்து காணும் வேங்கிக்கால் போன்ற ஊர்களை எண்ணுவோம். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கத் தொலைவிலிருந்து பலர் வருகின்றனர். அங்கேயே பிறந்து வளர்ந்து, பிழைப்பின் நெருக்கடியால் கோயிலுக்குப் போகாதவர் ஒருவர் எதிர்ப்பட்டால், 'இவ்வளவு அருகிருந்துமா!' என்று வியக்கிறோம். அவ்வியப்பில் சிறிது இகழ்ச்சியும் கலந்திருக்கிறது.

திவ்யதேசத்து வாசலிலும் அடியோம் இதையே செய்கிறோம். வாழ்பவரின் குறையை அளப்பது வந்தவரின் பணியன்று. காரணத்தை அன்போடு கேட்பதும், அவர் கையால் ஒரு வாய்த் தீர்த்தம் வாங்கிப் பருகுவதுமே உடையவர் காட்டிய வழி. கொடுக்க மட்டுமன்றிக் கொள்ளவும் கற்பதே யாத்திரையின் பயன்.